சித்தி, குழந்தை, டேபிள் ஃபேன்

நம் வயதுக்காரர்கள் ஒன்றுகூடினால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முழங்கால், சர்க்கரை, போன் எடுக்காத பிள்ளைகள். போன வாரம் தாம்பரத்தில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் உங்களில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "நீ எப்படிடி இந்தச் சிப்பு, புரோகிராம் பக்கமெல்லாம் போனே? உங்க வீட்ல ஒரு இஞ்சினியர்கூட கிடையாதே?" என்று கேட்டீர்கள். வாய் நிறைய ஜாங்கிரி இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். பந்தியில் ஆரம்பித்திருந்தால் பாதியிலேயே இலையை எடுக்க வந்திருப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், சாவகாசமாகப் படியுங்கள்.

எங்கள் சித்திக்குக் காது கேட்காது. அம்மாவின் ஒரே தங்கை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு இருந்தது, ஆனால் பழகியவர்களுக்குத்தான் புரியும். எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்தே என்ன பேசுகிறார் என்று பிடித்துவிடுவாள். நாங்கள் கையும் முகமுமாக அவளோடு பேசுவோம். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். தையல், கணக்கு, கோபம் மூன்றிலும் கெட்டிக்காரி.

சித்தப்பாவுக்குப் பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலை. குரோம்பேட்டையில் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம் இல்லையா? சித்திக்குத் தாய் இல்லை. ஆகவே அக்கா வீடு, அதாவது எங்கள் வீடு. தாம்பரம் சானடோரியம் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய தெரு. நான் சொல்லும் கதை நடந்தது ஒரு முழுப்பரீட்சை லீவில். எனக்குப் பன்னிரண்டு வயது. பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கூடத்து உத்தரத்தில் அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டியிருந்தோம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு மத்தியானம்தான் அத்தை வந்தாள். அத்தை என்றால் சித்தப்பாவின் அக்கா. அனகாபுத்தூரில் வாக்கப்பட்டவள். வீட்டிலேயே தறி. குழந்தை இல்லை. வந்தவள் மோரைக் குடித்து முடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. தம்பி நைட்டு சிப்ட்டு போய்ட்டான்னா இவ ஒண்டியா கெடப்பா. கொயந்த வீல்னு கத்தினாக்கூட இவளுக்குத் தெரியாது. இன்னா பண்ணுவா, சொல்லு? பேச்சு வர்ற வரிக்கும் என்னான்ட இருக்கட்டும். அப்பால இவகிட்டயே உட்டுர்றேன்."

அம்மா திகைத்துப் போனாள். "பால் குடிக்கிற குழந்தைய எப்படி அண்ணி பிரிக்கறது?"

"புட்டிப்பால் கீதே. நான் பாத்துக்க மாட்டேனா? இன்னொண்ணும் கீது. பேச்சு இல்லாதவகிட்ட வளந்தா அதுக்கும் பேச்சு வராதுன்னு அல்லாரும் சொல்றாங்க."

அப்பா, பெரிய மனுஷர் தோரணையில், அதுவும் நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அவரை நான் பல வருடம் மன்னிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் சித்திக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய், காலையில் துவைத்துக் காய்ந்திருந்த துணியை எடுத்து மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிவு சொல்வதாக அம்மா அத்தையை அனுப்பிவைத்தாள்.

இப்போது மாடி வீட்டு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடி அறையில் ஒரு சார் தனியாகக் குடியிருந்தார். ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. திடீரென்று வடக்கே மாற்றல் வந்து கிளம்பும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, "ஒரு மாசத்துல வந்து எடுத்துக்கறேன். பாப்பா வேணும்னா நோண்டிப் பாக்கட்டும். ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார். நம் காலத்தில் ஒரு பெரியவர் வாயிலிருந்து "நோண்டிப் பாக்கட்டும்" என்ற வார்த்தை வந்ததை நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா? தொடாதே, எடுக்காதே, உடைக்காதே. இதுதானே நம் தாலாட்டு. அப்பாகூட, "வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்" என்று முணுமுணுத்தார்.

பெட்டிக்குள் அவர் ஆபீசில் கழித்துக் கட்டிய ஒரு டெர்மினல் இருந்தது. கனமான திரை, முன்னால் தட்டச்சுப் பலகை. கூடவே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. அதன் நடுவில் வரிசை வரிசையாகக் கால் வைத்த, பூரான் மாதிரி ஒரு கறுப்புச் சிப்பு. அப்புறம் ஜெராக்ஸ் எடுத்த கையேடு, அதிலும் பாதிப் பக்கங்கள் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்தச் சிப்புக்குள்ளேயே பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி குடியிருக்கிறது. வரிக்கு ஒரு எண் போட்டு, சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் கட்டளை எழுதினால், சிப்பு தன் கால்களில் இணைத்திருக்கும் விளக்கையோ மணியையோ அதன்படி இயக்கும். மைக்ரோகன்ட்ரோலர் என்ற பெயரெல்லாம் அட்டையில் போட்டிருந்தது. எனக்கு அது வாயில் நுழையவில்லை.

ஒயரையெல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டால் திரை சும்மா கிடந்தது. என் பெயரைத் தட்டினேன், கோணல்மாணலாக ஏதோ குப்பை வந்தது. அணைத்துப் போட்டு மறுபடி தட்டினேன், வேறு குப்பை. பல நாள் இதே கூத்து. சார் ஏமாற்றிவிட்டார் என்று அழுகை அழுகையாக வந்தது.

ஒருநாள் நான் சுவிட்சைப் போட்டுவிட்டு அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்து போனேன். சித்தி இடுப்பில் குழந்தையோடு ஈரத்துணியால் தூசி துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டச்சுப் பலகையில் கீழே இருக்கிற நீளக் கட்டையைத் துடைத்திருக்கிறாள். அவ்வளவுதான், கருந்திரையில் பச்சை எழுத்தில் இரண்டு வரி வந்து, அதற்குக் கீழே 'ரெடி' என்று நின்றது. சித்தி பயந்துபோய், தொண்டை கிழிய என்னைக் கூப்பிட்டாள். அடுப்படியில் இருந்த அம்மா குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்தாள்.

விஷயம் என்னவென்றால், சிப்பு விழித்ததும் முதலில் அந்த நீளக் கட்டையைத்தான் தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டிலிருந்துதான் டெர்மினல் என்ன வேகத்தில் பேசுகிறது என்று அது தெரிந்துகொள்ளும். வேறு எதைத் தட்டினாலும் உளறும். அதைச் சொல்லும் பக்கம் எங்கள் ஜெராக்ஸில் இல்லை. சித்தியின் ஈரத்துணி இல்லாவிட்டால் அந்தப் பெட்டி பரண் ஏறியிருக்கும், நானும் வேறு எங்கேயாவது போயிருப்பேன்.

சித்தி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் "சாப்டியா" என்று தட்டினாள். அது 'தவறு' என்றது. உடனேயே அடுத்த வரியில் 'ரெடி' என்று வந்து நின்றது. சித்தி மறுபடி ஏதோ தட்டினாள். மறுபடி தவறு, மறுபடி ரெடி. சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கையால் என்னிடம் சொன்னாள்: இது என்னைவிட மோசம், இதுக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல. பிறகு திரையில் அந்த 'ரெடி'யைத் தொட்டுக் காட்டி, தப்புன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்காம உக்காந்திருக்கு பாரு என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே சித்தி தட்டுவாள். நான் கையேட்டில் தேடி எடுத்துக் கொடுப்பேன். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டு எண் போட வேண்டும், அப்போதுதான் விட்டுப்போனதை நடுவில் செருக முடியும் என்று கண்டுபிடித்தது அவள்தான். முதல் முறை ஒரு குட்டி விளக்கு எங்கள் பேச்சைக் கேட்டு எரிந்து எரிந்து அணைந்தபோது, தூளிக்குள் இருந்த குழந்தை அதையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "டைப்ரைட்டிங் பழகறாளா? நல்லதுதான், நாளைக்கு ஒரு வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாளில் சித்தி அந்த விளக்கைத் தூளிக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். குழந்தையைக் காட்டினாள், வாயைத் திறந்து அழுவதுபோல் காட்டினாள், விளக்கைக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. குழந்தை அழுதால் இது சொல்லும் என்றால், அத்தை கொண்டுபோக முடியாது.

சத்தத்தைப் பிடிக்க ஒரு மைக் வேண்டும். மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணனிடம் போனேன்.

"இன்னா பாப்பா, மைக்கு எதுக்கு? எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்றார்.

நான் சித்தியின் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். பிறகு செத்துப்போன ஒரு டேப்ரெக்கார்டரைப் பிரித்து, மைக்கை உருவி, ஒரு சின்ன சர்க்யூட்டில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். "சவுண்டு வந்தா இந்த ஒயர்ல ஒண்ணு, வரலன்னா பூஜ்யம். மிச்சத்த உன் சிப்பு பாத்துக்கும். அக்காவாண்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றார்.

மைக்கைத் தூளிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் போனது, விளக்கு எரிந்தது. விமானப்படைப் பயிற்சி விமானம் போனது, எரிந்தது. குக்கர் விசில் அடித்தது, எரிந்தது. அப்பா தும்மினார், அதற்கும் எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் சித்தி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ரயில் எது, அழுகை எது என்று எனக்குக் கேட்டாலே தெரியும். அந்த வித்தியாசத்தைச் சிப்புக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. காது இருந்து என்ன பிரயோஜனம்?

சொல்லிக் கொடுத்தது சித்தி. குழந்தை பசியில் வீறிட்ட ஒரு சமயம், பால் கொடுக்காமல், உள்ளங்கையை அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அம்மா "அடிப்பாவி, பாலைக் குடுடி" என்று கத்தினாள். சித்தி என் கையை இழுத்து, முன்கையில் விரலால் தேய்த்துக் காட்டினாள். ஒரு நீளம், ஒரு நிறுத்தம். ஒரு நீளம், ஒரு நிறுத்தம். அழுகிற ஜீவன் நடுநடுவே மூச்சு வாங்கியாக வேண்டும். ரயிலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அது ஒரே மூச்சாக ஊதிவிட்டுப் போய்விடும். தன் குழந்தையின் அழுகையை ஒரு தடவைகூடக் கேட்காதவள் அதன் உருவத்தை அப்படியே என் கையில் வரைந்து காட்டினாள்.

அதை அப்படியே வரிகளாக எழுதினோம். சத்தம் வந்தால் எண்ணத் தொடங்கு, நின்றால் காத்திரு, கொஞ்ச நேரத்துக்குள் மறுபடி வந்தால் ஒன்றைக் கூட்டு, இப்படிச் சில சேர்ந்துவிட்டால் விளக்கைப் போடு. ரயில் தோற்றது, விமானம் தோற்றது, குக்கர் தோற்றது. காக்கா மட்டும் தேர்ச்சி பெற்றுவிட்டது. அம்மா மதியம் சோறு வைக்கும்போதெல்லாம் அது விட்டுவிட்டுக் கத்தி எங்களை அலைக்கழித்தது. காக்காவின் கத்தல் குட்டை என்று இன்னொரு வரியைச் செருகி அதையும் விரட்டினோம்.

நாங்கள் வெற்றி மிதப்பில் இருக்கும்போது அத்தை வந்தாள். ஓடிப்போய் விளக்கைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தாடையில் கை வைத்துக்கொண்டு, "அல்லாம் சரிதான் கண்ணு. கண்ண மூடிகினு தூங்குறவளுக்கு லைட்டு எரிஞ்சா இன்னா, எரியலன்னா இன்னா?" என்றாள்.

அத்தனை நாளில் அந்த எண்ணம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அத்தையைப் பிடித்துக் கிணற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது. சித்தி அவள் வாயைப் படித்துவிட்டு, என்ன ஆச்சரியம், ஆமாம் என்று தலையாட்டினாள். அடுத்த வாரம் வந்து குழந்தையைக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறினாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வீடே கூடத்தில் உருண்டு கிடந்தது. கரண்ட் போனது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். அப்பா பனியனைத் தூக்கி விசிறிக்கொண்டே எழுந்தார். சித்தியும் எழுந்து, நின்றுபோன டேபிள் ஃபேனை முறைத்தாள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. சென்னைக்காரனை எழுப்ப இடி விழ வேண்டியதில்லை, ஃபேன் நின்றால் போதும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? சித்தி எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஃபேனைக் காட்டி, தூளியைக் காட்டி, என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அந்த அடி இன்னும் வலிக்கிறது, அத்தனை சந்தோஷமாக.

ரேடியோ கடை அண்ணன் ஒரு மரப்பெட்டிக்குள் ரிலே வைத்துக் கொடுத்தார். சிப்பு சொல்கிறபடி ஃபேனுக்குக் கரண்டைக் கொடுக்கவும் நிறுத்தவும் செய்யும் ஒரு சின்ன சுவிட்ச் அது. "இந்தப் பொட்டிய மட்டும் தொறந்தே, கைய ஒடிச்சிடுவேன்" என்று எச்சரித்து அனுப்பினார்.

விளக்கை எரிய வைத்த வரியை மாற்றி எழுதினோம். எல்லாம் அமைதியாக இருக்கும்வரை ஃபேன் ஓடும், குழந்தை அழுதால் நிற்கும். கரண்ட் போனால் எப்படியும் ஃபேன் நின்றுவிடும், சித்தி எழுந்து குழந்தையைப் பார்ப்பாள், நல்லதுதானே. இன்னொரு சிக்கல் இருந்தது. கரண்ட் போனால் எழுதி வைத்த புரோகிராம் முழுவதும் அழிந்துவிடும். அதைச் சிப்பில் நிரந்தரமாகப் பதிய வைக்கும் சாமான் எங்களிடம் இல்லை. ஆகவே கரண்ட் திரும்பி வந்தாலும், யாராவது எல்லா வரிகளையும் மறுபடி தட்டும்வரை ஃபேன் ஓடாது. சித்தி குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால், கையேட்டையோ என்னையோ பார்க்காமல், மொத்தத்தையும் தட்டிவிடுவாள். எது கெட்டுப்போனாலும் சித்தி விழித்திருக்கும் பக்கமாகத்தான் கெட்டுப்போகும். பிற்காலத்தில் வேலையில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் சொன்னார்கள். எனக்கு அது டேபிள் ஃபேன்தான்.

சொன்னபடி அத்தை வந்தாள், சித்தப்பாவும் கூட வந்தார். அத்தை கையில் ஒரு துணிப்பை. தன் கையால் தைத்த குட்டிச் சட்டைகள், தன் வீட்டுத் தறியில் நெய்த ஒரு புதுத் தூளித்துணி, மஞ்சளும் பச்சையுமாய்க் கட்டம் போட்டது. குழந்தையை அள்ளிக்கொண்டு போகத் தயாராகவே வந்திருந்தாள். அம்மா, "ஒரு தடவ பாத்துடுங்க அண்ணி. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். சித்தி யார் முகத்தையும் பார்க்காமல், சாப்பிட்டதும் படுத்தாள். ஃபேன் அவள் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி முழுக்கப் பயத்தில் பொட்டுத் தூக்கம் இல்லாதவள், படுத்ததும் தூங்கிப்போனாள்.

நாங்கள் எல்லாரும் தூளியைச் சுற்றி உட்கார்ந்து குழந்தை அழுவதற்காகக் காத்திருந்தோம். மகராசி அழுவேனா என்றது! மற்ற நாளில் ஈ உட்கார்ந்தாலே ஊரைக் கூட்டுவாள், அன்றைக்குப் பார்த்துத் தவமே செய்தாள். அப்பா, "லேசா ஒரு கிள்ளு..." என்று ஆரம்பித்தார். நாலு பேர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். ரயில் போனது, ஃபேன் ஓடியது. விமானம் போனது, ஃபேன் ஓடியது. "ரயிலுக்கு நிக்கலையே" என்று அத்தை முனகினாள். நேரம் போகப் போக அப்பாவும் சித்தப்பாவும் சுவரில் சாய்ந்தபடியே குறட்டைவிட ஆரம்பித்தார்கள். அம்மா டீ போடப் போனாள். நான் டெர்மினல் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் அங்கே இருப்பதையே அத்தை மறந்திருக்க வேண்டும்.

அத்தை பையிலிருந்து தூளித்துணியை எடுத்து மடிமேல் விரித்துத் தடவிப் பார்த்தாள். ஒரு பூச்சட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, தூளியைப் பிரித்து உள்ளே கைவிட்டாள். குழந்தை தூக்கத்திலேயே அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அத்தை அப்படியே குனிந்து முகத்தைத் தூளித்துணியில் வைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன். சத்தம் வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அழுதாள். ஆனால் அவள் வாய்க்குப் பக்கத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீளம், ஒரு மூச்சு. ஒரு நீளம், ஒரு மூச்சு.

மரப்பெட்டி 'டக்' என்றது. ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது.

சித்தி கண்ணைத் திறந்தாள். ஃபேன் நின்றதில் அப்பாவும் சித்தப்பாவும்கூட எழுந்து உட்கார்ந்து, கரண்ட் போச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சித்தி பாய்ந்து தூளிக்கு வந்தாள். குழந்தை வாய் கோணாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தாள். அத்தை அவசர அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு, குழந்தைக்குச் செய்வாளே, அதேபோல் உள்ளங்கையை அத்தையின் நெஞ்சில் வைத்தாள். விம்மல் அடங்கும்வரை கையை எடுக்கவே இல்லை. அடங்கியதும் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து, தன் கையாலேயே அத்தை மடியில் வைத்தாள்.

அம்மா டீ டம்ளர்களோடு வந்து, எதுவும் புரியாமல் நின்றாள். அத்தை குழந்தையை அணைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அழுததுக்கு எழுந்துகினாம்மா இவ. பக்கத்துலயே படுத்துகினு கெடக்குற எம் புருசன் ஒரு நாளு எழுந்தது இல்ல."

அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொயந்த இவகிட்டயே இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கறேன். இந்தத் துணிய மட்டும் தூளிக்குக் கட்டிக்கோங்க" என்றாள். அந்த நிமிஷம்வரை அவள் என் கதையில் ராட்சசியாக இருந்தாள். வெறும் தூளிக்காக ஒரு பொம்பளை தன் தறியில் உட்கார்ந்து கட்டம் போட்டு நெய்திருக்கிறாள் என்பது பன்னிரண்டு வயதில் எனக்கு எங்கே உறைக்கப் போகிறது?

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே சித்தி குரோம்பேட்டைக்குப் போனாள். ஆட்டோவில் டெர்மினலை என் மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். அத்தை வாராவாரம் பஸ் ஏறி வந்தாள். குழந்தைக்குப் பேச்சு வராது என்றார்களே, என் தங்கை பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! சித்தியிடம் கையால் பேசினாள், அத்தையிடம் பிடித்துக்கொண்ட அனகாபுத்தூர்த் தமிழில் வாயால் பேசினாள். "இன்னாம்மா, சோறு ரெடியா கீதா?" என்று அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டதில் தெருவே சிரித்தது.

மாடி வீட்டு சார் திரும்பி வரவே இல்லை. அவர் ஊர் தெரியாது, முகம்கூட மறந்துவிட்டது. டெர்மினல் ஒருநாள் புகைவிட்டு உயிரை விட்டது. அந்தப் பூரான் சிப்பை ரொம்ப நாள் வைத்திருந்தேன், வீடு மாற்றியபோது எங்கேயோ போய்விட்டது. எத்தனையோ சிப்புகளுக்கு எழுதிச் சம்பாதித்துவிட்டேன், அவற்றில் ஒன்றும் மனசில் நிற்கவில்லை. நோண்டிப் பார்க்கச் சொன்ன அந்த மனுஷர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். டேப்ரெக்கார்டரைப் பிரித்த அண்ணனும் நன்றாக இருக்கட்டும். நான் சாப்பிடும் சோறு அவர்கள் போட்டது.

அத்தையின் வீட்டுக்காரர் காலமான பிறகு, சித்தி அவளைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். கடைசிக் காலத்தில் அத்தைக்கு ஒரு பக்கம் கைகால் வராமல் போய்விட்டது, குரலும் தேய்ந்துவிட்டது. தங்கை என்னென்னவோ நவீன மணியெல்லாம் வாங்கிக் கொடுத்தாள், கையில் கட்டினால் அதிர்கிற சாமான்கூட. அதையெல்லாம் சித்தி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஒரு மதியம் நான் போனபோது, அத்தை கட்டிலில் கிடந்தாள். கீழே பாயில் சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள், தலை முழுக்க நரை. நடுவில் ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒயரில் ஒரு சுவிட்சை வைத்து, அத்தையின் நல்ல கைக்கு எட்டும்படி கட்டில் சட்டத்தில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அத்தையின் கண் மின்னியது. "பாக்குறியா?" என்று கிசுகிசுத்துவிட்டு சுவிட்சை அமுக்கினாள். ஃபேன் முழுசாக நிற்பதற்குள் சித்தி எழுந்து உட்கார்ந்து, கையால் என்ன வேணும் என்று கேட்டாள்.

அத்தை ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டாள்.